பெரியமாமா கொடுத்த விலாசம்

பெரியமாமாவை நான் ஒருபோதும் மதித்ததில்லை. பயந்திருக்கிறேன். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலே அவர் செத்துப்போனார் என்பது எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

அவர் அம்மாவின் மூத்த அண்ணர். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவருடைய வீடு. மேல்மாடியில் அம்மா, அக்கா, நான். அப்பா போனபிறகு அவர்தான் எங்களை அங்கே கொண்டுவந்து இருத்தினார். அதைச் சொல்லிக்காட்டுகிற ஆள் தான் இல்லை என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமையை மாதத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லிக்காட்டுவார்.

"நான் ஒருநாளாவது வாய் திறந்து சொன்னனானோ, கேட்டுப் பார் உன்ர கொம்மாவை."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "இல்லையண்ணை, ஒருநாளும் சொன்னதில்லை" என்பார். அம்மாவின் மேலும் எனக்கு அப்போது கோபம் வரும்.

அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். வேலையை விட்டாரே தவிர மேசையை விடவில்லை. வீட்டு விறாந்தையில் ஒரு மேசை, அதில் கோப்புகள், ஒரு மை ஒற்றி, 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்ற இறப்பர் முத்திரை. தண்ணீர் பில்லுக்குக்கூட முத்திரை குத்துவார். சட்டைப்பையில் நீலப்பேனை ஒன்று, சிவப்புப்பேனை ஒன்று. நீலம் எழுத, சிவப்பு வெட்ட. சொந்தக்காரர் வீட்டில் கலியாணம் என்றால் கார்ட் கொடுக்கிறவர்களின் லிஸ்டை முதலில் அவரிடம் கொண்டுவருவார்கள். யார் பெயரை எழுதலாம் என்று அவர் யோசித்து நான் பார்த்ததில்லை. யாரை வெட்டலாம் என்றுதான் யோசிப்பார். வெட்டினபிறகு முகத்தில் ஒரு தெளிவு வரும், வயிறு முட்டச் சாப்பிட்டவனுக்கு வருவது போல.

அந்த மனிதருக்கு ஒரு டொமைனை வாங்கிக் கொடுத்தவள் நான்தான். நுகேகொடையில், இணையத்தள இடமும் மின்னஞ்சலும் விற்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. ஹோட்டல்காரருக்கும், டியூஷன் வகுப்பு நடத்துகிற டியூட்டரிக்காரருக்கும் அவரவர் பெயரில் மின்னஞ்சல் விலாசம் அமைத்துக் கொடுப்பது, அது வேலை செய்யாதபோது திட்டு வாங்குவது, இதுதான் தொழில். ஒருநாள் இதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லப்போக, மாமா பிடித்துக்கொண்டார்.

"அப்ப நாங்கள் எல்லாரும் இவ்வளவு நாளும் ஓசி விலாசத்திலயே இருக்கிறம்? வாடகை வீட்டில இருந்துகொண்டு கடிதம் எழுதிற மாதிரி?"

"எல்லாரும் அப்பிடித்தான் மாமா வச்சிருக்கினம்."

"எல்லாரும் இருக்கட்டும். எலி வளை எண்டாலும் தனி வளை வேணும்."

எலிக்குக்கூட அந்த யோசனை தனக்காகத்தான் வரும். மாமாவுக்கு வந்தது மற்ற எலிகளை உள்ளே விடுவதற்கும் வெளியே தள்ளுவதற்கும்.

அம்மப்பாவின் பெயரில் டொமைன் எடுப்பதென்று தீர்மானமாயிற்று. டொட் கொம்மை இந்தியாவில் ஒரு செருப்புக்கடைக்காரர் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு, "குடும்பம் எண்டதும் ஒரு ஸ்தாபனம்தானே" என்று டொட் ஓர்க்குக்குச் சம்மதித்தார்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. டொமைன் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க ஒரு குறியீட்டை அதில் ஒட்டவேண்டும். கடிதங்கள் எந்தச் சேர்வருக்குப் போய்ச் சேரவேண்டும் என்று ஒரு பதிவு போடவேண்டும். உங்கள் பெயரில் கடிதம் அனுப்ப யாருக்கு உரிமை என்று இன்னொரு பதிவு. கைப்பழக்கம் இருந்தால் அரைமணி நேரம். மாமா பஞ்சாங்கம் பார்த்து வெள்ளிக்கிழமை காலை என்று நாள் குறித்தார். கணினிக்கு முன்னால் குத்துவிளக்கு வைத்து, மாமி பால் காய்ச்சி, பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குமுன் நான் 'சேமி' என்பதை அழுத்தினேன்.

"வேலை செய்யுதோ?"

"பொறுங்கோ மாமா. உலகத்தில இருக்கிற மற்றச் சேர்வர்களுக்கு இது தெரியவர வேணும். சிலநேரம் ஒருநாள் போகும்."

"நல்ல நேரத்தில போட்டது. அவங்களுக்கு எந்த நேரத்தில விளங்கும் எண்டு கேள்."

பதினொன்றேகாலுக்கு விளங்கியது. நடு ராகுகாலம். நான் சொல்லவில்லை, பாலைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அன்றைக்கு நான் விளக்கிச் சொன்னவற்றில் அவருக்குப் பிடித்தவை இரண்டு. எங்கள் பெயரில் யார் எழுதலாம் என்று நாங்களே உலகத்துக்கு அறிவிக்கலாம் என்பது ஒன்று. மற்றது, இல்லாத பெயருக்கு வருகிற கடிதத்தையும் திருப்பி அனுப்பாமல் ஒரு பெட்டியில் விழவைக்கலாம் என்பது. குப்பைதான் வந்து நிறையும், யாரும் இப்போது அப்படி வைப்பதில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"குப்பையைப் பற்றி நீ கவலைப்படாத. எல்லாம் என்ர பெட்டிக்கு வரட்டும்."

அந்தப் பெட்டியின் கடவுச்சொல்லை மட்டும் அவரே வைத்துக்கொண்டார். மற்ற எல்லாம் என் கையில். அவர் சொல்வார், நான் செய்வேன்.

பிறகு தொடங்கியது விலாசம் வழங்கும் படலம். கனடா, லண்டன், ஜெர்மனி, யாழ்ப்பாணம், கொழும்பு என்று எங்கள் ஆட்கள் நாற்பதுக்கு மேல். அம்மப்பாவின் ஆண்பிள்ளைகளுக்குச் சும்மா பெயர் மட்டும். பெண்பிள்ளைகளுக்குப் பெயரோடு புருஷன்மாரின் முதலெழுத்து. பேரப்பிள்ளைகளுக்குப் பிறந்த ஒழுங்கில் இலக்கம். மருமகன்மாருக்கு உடனே விலாசம். மருமகள்மாருக்கு முதல் பிள்ளை பிறந்தபிறகு. இதை அவர் ஒரு கோப்பில் விதியாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். ஜெர்மனியில் ஒரு மருமகள், படித்த டாக்டர், பிள்ளை பிறந்த கிழமையே தனக்கு விலாசம் எப்போது வரும் என்று கேட்டு எழுதியிருந்தாள். அவளை நினைத்தும் எனக்கு ஆத்திரம்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடார் என்பார்கள். எங்கள் வீட்டில் பூசாரியின் வாசலில் இத்தனை பேர் வரிசையில் நின்றால் அவர்தான் என்ன செய்வார்?

குடும்பம் முழுவதுக்கும் ஒரே நேரத்தில் போகிற பொது விலாசம் ஒன்றும் இருந்தது. அதற்கு யார் எழுதினாலும் மாமா பார்த்து அனுமதித்தால்தான் போகும். வாட்ஸப் எல்லாரிடமும் இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. மாமாவின் கணக்கில் அது சந்தைச் சத்தம். யாராவது செத்தால் பத்து நிமிடத்தில் வாட்ஸப்பில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆனால் பெரியமாமா பொது விலாசத்தில் அறிவித்தல் போடும்வரை ஒருவரும் அனுதாபம் எழுதமாட்டார்கள். சின்னமாமா ரொறன்ரோவில் இறந்தபோது அவருடைய மகன், பாவம், அழுகிற அவதியில் முதலில் பேஸ்புக்கில் போட்டுவிட்டான். பெற்ற தகப்பனின் சாவை மகன் சொல்வதற்கு முறை இருக்கிறதாம். ஒரு வருடத்துக்கு அவனுடைய விலாசத்தை வெட்டச் சொன்னார். வெட்டினேன். வீடும் இரண்டு காரும் வைத்திருந்த மனுஷன் ஆண்டுத் திவசத்துக்கு முன்னால் திரும்பத் தரச்சொல்லித் தொலைபேசியில் கெஞ்சினான். மாமா ஒலிபெருக்கியில் போட்டு எங்கள் எல்லாருக்கும் கேட்க வைத்தார்.

அன்றைக்கே எனக்கு இந்த ஆளைப் புரிந்திருக்கவேண்டும். புரிந்ததுதான். மேல்மாடியில் குடியிருக்கிறவர்களுக்குப் புரிந்து என்ன பயன்?

அக்கா கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தாதி. நியூசிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பித்தாள். படிவத்தை மாமாவிடம் காட்டச் சொல்லி அம்மா அனுப்பினார். அக்கா தன்னுடைய பழைய இலவச விலாசத்தை எழுதியிருந்தாள். மாமா சிவப்புப்பேனையை எடுத்தார்.

"வெள்ளைக்காரன் முதல்ல விலாசத்தைத்தான் பாப்பான். குடும்பம் இல்லாத பிள்ளை எண்டு நினைக்கப்போறான். எங்கட விலாசத்தைப் போடு."

அக்கா போட்டாள். இரண்டு வருடமாக அவள் இரவில் படித்ததும், பரீட்சைகள் எழுதியதும், எங்களை அந்த மேல்மாடியிலிருந்து இறக்கவேண்டும் என்று அவள் நினைத்ததும் எல்லாம் அந்த ஒரு வரியில் போய் நின்றன.

ஒன்றரை மாதம் கழித்து அக்கா ஒருவரிடமும் கேளாமல் கலியாண எழுத்து எழுதி, பதிவுக் கலியாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை கொட்டாஞ்சேனை. வேதக்காரர், கிறிஸ்தவர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. அம்மா அழுதார். மாமா சத்தம் போடவில்லை. அடுத்தநாள் காலை, குளித்து, திருநீறு பூசி, என்னைக் கீழே கூப்பிட்டார்.

"கொக்காவின்ர விலாசத்தை எடுத்துவிடு."

"மாமா, நியூசிலாந்துக் கடிதம் அதுக்குத்தான் வரும்."

"வந்தால் என்ர பெட்டிக்கு வரும்தானே. நான் பாக்கிறன்."

"கடிதம் வரும்வரைக்குமாவது..."

"பிள்ளை, நீங்கள் மேல இருக்கிறது ஆற்ற வீடு?"

அதுதான் முதல்முறை, அவர் வாய் திறந்து சொன்னது. இரண்டு நிமிட வேலை. பெயரைத் தெரிவுசெய்து, 'நீக்கு' என்று அழுத்தி, 'நிச்சயமாகவா?' என்று அது கேட்க, 'ஓம்' என்று அழுத்தினேன்.

அக்காவிடம் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து அவள் கொட்டாஞ்சேனையிலிருந்து தொலைபேசி எடுத்தாள்.

"என்னடி, பாஸ்வேட் பிழை எண்டு காட்டுது?"

"சேர்வர் பிரச்சினையக்கா. சரிவரும்."

"கடிதம் ஏதும் வந்தால் தவறாதோ?"

"இல்லையக்கா. எல்லாம் உள்ளுக்கு நிக்கும்."

இதே தொழிலைச் செய்கிற தங்கச்சி சொன்னால் நம்பத்தானே செய்வாள்? நாலைந்து நாளுக்கு ஒருமுறை கேட்டாள். ஒவ்வொரு முறையும் நான் சேர்வரின் தலையில் பழியைப் போட்டேன். மாமாவின் மனம் இளகும், அதற்குள் திருப்பிப் போட்டுவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரிடம் கேட்டபோதெல்லாம், "வந்தால் பாப்பம்" என்றார்.

பிறகு ஒரு சனிக்கிழமை அவருடைய பிரின்டரில் கடதாசி சிக்கிக்கொண்டது. எடுத்துவிடக் கூப்பிட்டார். அவர் தேத்தண்ணி குடிக்க உள்ளே போன நேரம் நான் மேசையைப் பார்த்தேன். தனக்கு வருகிற மின்னஞ்சல் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கோப்பில் போடுவது அவர் வழக்கம். ஆளுக்கொரு கோப்பு. அக்காவின் கோப்பும் இருந்தது. அதில் ஒரே ஒரு கடிதம். நேர்முகத்துக்கு அவளைத் தெரிவுசெய்திருப்பதாகவும், குறித்த திகதிக்குள் சம்மதத்தை எழுதி அறிவிக்கும்படியும் அந்த ஆஸ்பத்திரி எழுதியிருந்தது. மேல்மூலையில் 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்ற முத்திரை, நேராக, கோணலில்லாமல். பதில் கொடுக்கவேண்டிய நாள் போய் ஆறு நாள் ஆகியிருந்தது.

தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தவரிடம் கடிதத்தை நீட்டினேன்.

"மாமா, இது வந்ததெண்டு ஏன் சொல்லேல்ல?"

"ஆரிட்டச் சொல்ல?"

"அக்காட்ட."

"அந்தப் பேரில எங்கட விலாசத்தில ஒருத்தரும் இல்லையே. இல்லாத ஆளுக்கு வந்த கடிதத்தை ஆரிட்டக் குடுக்கிறது? முறைப்படி கோப்பில வச்சிருக்கிறன். துலையேல்லை."

துலையவில்லையாம். இவ்வளவு வருடத்தில் நான் கண்ட அற்ப மனிதர்களில் ஒருவருக்கும் இந்த வாய் இல்லை. மற்றவர்கள் கெடுதல் செய்தால் ஒளித்தாவது செய்வார்கள். இவர் முத்திரை குத்தி வைத்திருந்தார்.

கடிதத்தை உருவிக்கொண்டு பஸ் ஏறினேன். கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய வீடு ஒரு படிக்கட்டின் மேலே, இரண்டு அறை. அத்தான்தான் கதவைத் திறந்தார்.

"வாங்க தங்கச்சி, உள்ள வாங்க. இப்பத்தான் அக்கா டியூட்டி முடிச்சு வந்தா."

அக்கா கடிதத்தை நின்றபடியே வாசித்தாள். திரும்ப ஒருதரம் வாசித்தாள். திகதியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இது சேர்வர் பிரச்சினையோ?"

"இல்லையக்கா. மாமா விலாசத்தை வெட்டச் சொன்னவர்."

"சொன்னது மாமா. வெட்டினது ஆர்?"

"நான்தான்."

"எப்ப?"

சொன்னேன். அவள் விரல்விட்டு நாட்களை எண்ணவில்லை. அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள், விருந்தாளிக்கு வைப்பது போல, கீழே ஒரு பீரிசும் வைத்து. குடித்து முடிக்கும்வரை எதிரே இருந்தாள். அதற்குப் பிறகு மாமா சாகும்வரை அவள் என்னோடு நேரே கதைத்ததில்லை. அம்மாவோடு கதைப்பாள், 'தங்கச்சி சுகமோ' என்று அம்மாவிடம் கேட்பாள்.

அந்த ஆஸ்பத்திரி மன்னிக்கவில்லை. பிந்தினது பிந்தினதுதான் என்று எழுதிவிட்டது. அக்கா திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள். ஒன்றரை வருடம் கழித்து, தன் பழைய ஓசி விலாசத்தில் விண்ணப்பித்து, வேறோர் ஊரில் இடம் எடுத்து, அத்தானையும் கூட்டிக்கொண்டு நியூசிலாந்து போனாள்.

அவள் போய் இறங்கின கிழமை மாமா பொது விலாசத்தில் ஓர் அறிவித்தல் போட்டார். 'எமது குடும்பத்தின் பெண்பிள்ளை வெளிநாட்டில் உயர்பதவி ஏற்றுள்ளார் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறேன்.' கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வாழ்த்துகள் குவிந்தன. எல்லாம் மாமாவுக்கு. ஒரு வெட்கம்கெட்ட கூட்டம். அன்றே என்னைக் கூப்பிட்டு, அக்காவுக்கும் அத்தானுக்கும் விலாசம் திறக்கச் சொன்னார். அத்தானுக்குப் பெயர் மட்டும், அம்மப்பாவின் ஆண்பிள்ளைகளுக்குப் போல. பெரிய கௌரவம்.

"பாஸ்வேட்டைக் கொக்காவுக்கு அனுப்பிவிடு."

"ஓம் மாமா."

அனுப்பவில்லை. எந்த முகத்தோடு அனுப்புவது? ஒரு துண்டில் எழுதி அலுமாரிக்குள் வைத்தேன். அனுப்பிவிட்டேன் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் மேசையில் உட்கார்ந்து, தான் திறந்த விலாசத்துக்குத் தானே ஒரு கடிதம் அனுப்பினார். கொஞ்சநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு,

"பாத்தியோ, திரும்பி வரேல்லை. போய்ச் சேந்திட்டுது" என்றார்.

சேராமல் என்ன செய்யும்? வீட்டுக்குள்ளிருந்து வீட்டுக்குள் போட்ட கடிதம்.

பெரியமாமா போன வருடம் செத்தார். நெஞ்சுவலி, அதிக நேரம் எடுக்கவில்லை. மரண அறிவித்தலைப் பொது விலாசத்தில் போட அனுமதிக்க ஆளில்லாமல், நாற்பது பேரும் ஒரு பகல் முழுவதும் வாட்ஸப்பில் முழித்துக்கொண்டிருந்தார்கள். எட்டாம் நாள் செலவு முடிந்து, டொமைனை மூடிவிடும்படி மாமி சொன்னார். மூடுமுன் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு போனேன். அக்காவின் பெட்டியில் பதினாலு கடிதங்கள் இருந்தன. ஒன்றும் திறக்கப்படவில்லை, எல்லாம் மாமா எழுதியவை.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு ஒரு நப்பாசை வந்தது. ஒருவேளை, யாரும் பார்க்காத இடத்தில், இந்த மனுஷன் ஏதாவது எழுதி வைத்திருப்பாரோ? அலுமாரியிலிருந்த பாஸ்வேட் துண்டை எடுத்துவந்து பெட்டியைத் திறந்தேன். முதலாவது, விலாசம் வழங்கப்பட்டுள்ளதை அறியத்தந்தது. இரண்டாவது, பதில் கிடைக்கவில்லை என்றது. மூன்றாவது, முதலாம் நினைவூட்டல். நாலாவதன் தலைப்பு 'இறுதி நினைவூட்டல்': பதினாலு நாட்களுக்குள் பதில் தராவிடில் விலாசம் நீக்கப்படும். ஐந்தாவதும் இறுதி நினைவூட்டல். ஆறாவதும். பதினாலாவது, அவர் சாவதற்கு மூன்று கிழமைக்கு முன் எழுதினது, அதுவும் இறுதி நினைவூட்டல்தான். சொன்ன கெடு பத்துத் தடவைக்கு மேல் வந்து போயிருக்கிறது. எத்தனையோ பேரை வெட்டின மனுஷன் இதை மட்டும் வெட்டச் சொல்லி என்னைக் கூப்பிடவில்லை. அதற்காக அவர்மேல் இரக்கப்படவேண்டுமென்றால், மன்னிக்கவேண்டும், எனக்கு வரவில்லை.

ஆனால் யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் அக்காவுக்கு எடுத்தேன். நானாக எடுத்தது அதுதான் முதல் தடவை. அங்கே இரவாகிவிட்டது. எடுத்தாள். ஒவ்வொரு கடிதமாக வாசித்துக் காட்டினேன். குசினியில் ஏதோ கழுவிக்கொண்டிருக்கும் சத்தம் வந்தது.

"பிழை நடந்து போச்செண்டு ஒரு சொல்லாவது எழுதியிருக்கிறாரோ?"

"இல்லையக்கா. பதினாலிலயும் இல்லை."

"ம்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"நீ எழுதினது ஏதும் கிடக்கோ அதுக்குள்ள?"

"இல்லை" என்றேன்.

டியூட்டிக்கு நேரமாகிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.